பதினெட்டரை மாதம், இன்னும் பேச்சு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள்

குளச்சல் அம்மா, டிசம்பர் 5

வணக்கம். இரண்டு நாளாக இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பிள்ளை தூங்குகிறான், மாமி ஜெபமாலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் மகன் போன வருடம் மே 20-ல் பிறந்தான். தவழ்ந்தது பத்தாம் மாதம், நடந்தது பதினாறாம் மாதம். போன வருடக் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் மாமி ஒரு மர நடைவண்டி வாங்கி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் மாதக்கணக்காகக் கிடந்தது. செப்டம்பரில் ஒரு நாள் தானே அதை இழுத்து எடுத்து, திண்ணை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். ஒரு வாரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தான். அன்றைக்கு நான் அழுத அழுகை! அதனால் நடை பற்றி இப்போது கவலை இல்லை.

பேச்சுதான் கவலை. ‘ம்மா’ என்கிறான். அது நானும்தான், பாலும்தான், தூக்கு என்பதும்தான். காக்காயைப் பார்த்தால் ‘க்கா’. இந்த இரண்டைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் சொன்னது புரிகிறது. ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்து வருவான். வெளியே போகிறோம் என்று தெரிந்தால் வாசலில் போய் நின்றுகொள்வான்.

டிசம்பர் 3 நம் மாவட்டத்துக்கு விடுமுறை அல்லவா, குடும்பத்தோடு கோட்டாறு போனோம். தேர் பார்த்துவிட்டு ஒரு ஓரமாக நின்றோம். மாமியின் தங்கை, நாங்கள் சின்ன மாமி என்போம், மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, “பாட்டின்னு சொல்லு மக்கா, சொன்னாத்தான் தருவேன்” என்றார்கள். அவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாலைந்து தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், “வாய் பேசாத பிள்ளையா இருக்குமோ?” என்று கேட்டார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். எனக்குக் கேட்டுவிட்டது.

அதே இடத்தில் என் நாத்தனார் மகளும் இருந்தாள். இவனுக்கு மூன்று வாரம் இளையவள். ‘தாத்தா’, ‘வெடி’, ‘ஸ்டார்’ எல்லாம் சொல்கிறாள். ‘இன்னும் வேணும்’ என்றுகூடச் சொல்கிறாள். நல்ல பிள்ளை, எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவள் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் எல்லோரும் இவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி நல்லவர்கள். “அவனுக்க அப்பனும் மூணு வயசிலதான் பேசுனான், நீ கிட” என்கிறார்கள். அதைக் கேட்டால் அன்றைக்குத் தூக்கம் வருகிறது. மறுநாள் மறுபடியும் பயம் வந்துவிடுகிறது. ஒன்றை இங்கே மட்டும் சொல்கிறேன். அக்டோபரில் ஊசி போடப் போனபோது நர்ஸ் அக்கா, “எத்தனை வார்த்தை சொல்றான்?” என்று கேட்டார்கள். “அஞ்சாறு சொல்வான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது கிறிஸ்துமஸ். 24-ந்தேதி எங்கள் வீட்டில் 19 பேர் கூடுகிறோம். சின்ன மாமியும் வருகிறார்கள். பங்குக் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு வேடம் போடுகிறார்கள், இவனுக்கு ஆட்டுக்குட்டி வேடம் என்று மாமி பெயர் கொடுத்துவிட்டார்கள். நள்ளிரவுப் பூசைக்கும் தூக்கிப் போக வேண்டும் என்கிறார்கள். போன வருடம் ஏழு மாதம், தூங்கியே கழித்துவிட்டான். இந்த வருடம் வெடிச் சத்தம் கேட்டாலே என் காலைக் கட்டிக்கொள்கிறான்.

இதற்கெல்லாம் மேலே, 22-ந்தேதி இவர் கத்தாரிலிருந்து வருகிறார். பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனபோது போனவர். மகன் அப்பாவைப் பார்த்ததெல்லாம் போனில்தான். தினமும் ராத்திரி போனுக்கு முத்தம் கொடுப்பான். நேரில் வந்து தூக்கும்போது இவன் கதறினால் அவர் மனசு என்ன பாடுபடும்? வேற்று ஆள் தொட்டாலே அழுகிற பருவம் இது.

பதினெட்டரை மாதத்தில் இரண்டு வார்த்தை என்றால் காத்திருக்கலாமா, இப்போதே யாரிடமாவது காட்ட வேண்டுமா? காட்டுவதென்றால் எங்கே? அப்புறம், இந்தப் பத்து நாளைப் பிள்ளைக்கு நோகாமல் எப்படிக் கடப்பது? இப்படி ஒரு பண்டிகையைக் கடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


மார்த்தாண்டத்துக்காரி, டிசம்பர் 5

படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸிடம் ‘அஞ்சாறு சொல்வான்’ என்றீர்களே, நானும் அதையேதான் சொன்னேன். அதே பொய்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. இருபது மாதத்தில் அவள் சொன்னது மூன்றே வார்த்தை. எங்கள் வீட்டில் அப்பா பக்கம் தமிழ், என் அம்மா பக்கம் மலையாளம் கலந்து பேசுவோம். ‘இரண்டு பாஷை பேசிப் பிள்ளையைக் குழப்பிவிட்டீர்கள், ஒன்றை நிறுத்துங்கள்’ என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். என் அம்மா பேத்தியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த இரண்டு மாதம் வீடு வீடாக இல்லை.

பிறகு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போனோம். அங்கேயே உருவாக்கிய ஒரு அட்டவணை உண்டு. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 விஷயங்கள். தனியாக நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது, பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் வரும் என்று. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்கிறார்கள். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன கோடுகளில் பிள்ளை செய்யாதது ஏதாவது இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குப் பயந்தா ஆறு மாதம் தள்ளிப் போட்டேன் என்று இருந்தது.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது என்று அங்கே தெளிவாகச் சொன்னார்கள். வார்த்தையை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவள் என்னிடம் ‘தண்ணி’ என்பாள், என் அம்மாவிடம் ‘வெள்ளம்’ என்பாள். நான் அதை ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மாலையே என் அம்மா மறுபடியும் பேத்தியிடம் மலையாளத்தில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உண்மையான காரணம் காதில் இருந்தது. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. பிறந்தபோது காது சோதனையில் தேறியவள்தான், அதனால் காதை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை. பிறக்கும்போது நன்றாக இருந்த காது பிறகு மந்தமாகலாம். கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், சில நாள் திரும்ப மாட்டாள். பிடிவாதம் என்று நினைத்தோம். பாவம், பிள்ளைக்குத் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் கேட்டிருக்கிறது.

அதனால் என் ஒரே வேண்டுகோள், முதலில் காதைச் சோதியுங்கள். ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்று கையைக் காட்டிச் சொல்கிறீர்களா, காட்டாமல் சொல்கிறீர்களா? ஒரு தடவை பின்னால் நின்று, சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். ஆனால் இது வீட்டுச் சோதனைதான், இதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. காதுக்குள் சின்ன முனையை வைத்துச் செய்யும் சோதனை வலிக்காது, பிள்ளை அசையாமல் இருந்தால் சில நிமிடத்தில் முடியும். தூங்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

சின்ன மாமி விஷயத்தில் என்னால் நல்ல புத்தி சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன ஒருவரோடு நான் ஒரு வருடம் பேசவில்லை.


ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர், இராஜாக்கமங்கலம், டிசம்பர் 6

மகளே, நான் 31 வருடம் அங்கன்வாடியில் இருந்தவள். உன் மகனைப்போல எத்தனையோ பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிறேன்.

முதலில் சில கேள்விகள். அவன் விரலை நீட்டி உனக்கு எதையாவது காட்டுவானா? வேண்டும் என்று கேட்க மட்டும் இல்லை, ‘அங்கே பார்’ என்று சொல்வதுபோல. காட்டிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பானா? நீ ஒரு பக்கம் கை நீட்டினால் அந்தப் பக்கம் பார்ப்பானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா? வார்த்தை எத்தனை என்பதற்கு முன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன். இன்னொன்று, பிரசவத்துக்குச் சொன்ன தேதி எது? மே 20-ஆ, அதற்கு முன்பே பிறந்தானா?

இதற்கெல்லாம் நீ ‘ஆமாம்’ என்றே சொன்னாலும் ஆசாரிப்பள்ளம் போ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் நடப்பது, பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்கும் பார்ப்பார்கள், காசு கிடையாது. அந்தத் திட்டத்தின் டாக்டர் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வரும். என் மையத்திலிருந்து அப்படி அனுப்பிய பிள்ளைகளில், சீக்கிரம் போன பிள்ளைகள்தான் சீக்கிரம் தேறினார்கள். ‘அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று மூன்று வயது வரை வைத்திருந்து கூட்டி வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். உன் மாமி சொல்வது பொய் இல்லை, சில குடும்பங்களில் அப்படி உண்டு. ஆனால் இவன் அந்த வகையா இல்லையா என்பதை உன் மாமியும் அறிய மாட்டார், நானும் அறிய மாட்டேன். பார்த்தால்தான் தெரியும். அக்டோபரில் சொன்னதை நர்ஸிடம் திருத்திச் சொல்லிவிடு. அவர்கள் யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள்.

இனி பண்டிகை. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

‘சொல்லு, சொல்லு’ என்று யாரும் கேட்கக் கூடாது. இதை 24-ந்தேதி பிள்ளை முன்னால் நீ சொல்லாதே, முன்கூட்டியே உன் மாமி வாயால் சொல்ல வை. ஒரு மாமியார் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மறுபேச்சு இருக்காது. வருகிறவர்கள் பிள்ளையிடம் பேசட்டும், பதிலை எதிர்பார்க்காமல் பேசட்டும். ‘இது ஆடு. ஆடு மே மே’ என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் நேரம் சும்மா இருக்கச் சொல். நாம் கேட்டுவிட்டு உடனே நாமே பதில் சொல்லிவிடுகிறோம், பிள்ளைக்கு வாய் திறக்க நேரமே கிடைப்பதில்லை.

குடில் வைப்பீர்கள்தானே? அதைவிட நல்ல பாடப்புத்தகம் உனக்குக் கிடைக்காது. ஆடு, மாடு, கழுதை, ஸ்டார், வைக்கோல், குட்டிப் பாப்பா. தினமும் ஒரே நேரத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார். நீ ஒன்றைச் சொல், அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சொல். ‘மே’ என்று அவன் சொன்னால் அதுவும் ஒரு வார்த்தைதான், எழுதி வை. ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒலியைச் சொன்னால் அது அவன் வார்த்தை. உன் ‘க்கா’வும் அப்படித்தான். வாயில் போகிற அளவு சின்ன உருவங்கள் இருந்தால் எடுத்துவிடு. பாட்டுப் பாடும் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை, மின்னும் தொப்பி, இவற்றில் பொத்தான்போல ஒரு பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். மூடியில் திருகாணி இல்லாத பொம்மை எதையும் வீட்டுக்குள் விடாதே. யார் வாங்கி வந்தாலும் சரி.

தின்பண்டம். முழு முந்திரிப் பருப்பு, நிலக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஒன்றும் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். முந்திரிக்கொத்தில் பெயரில்தான் முந்திரி, உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். ஆனால் மேலே ஓடு கடினம், உடைத்து உள்ளிருப்பதை மட்டும் கொடு. கையில் எப்போதும் இரண்டு மட்டிப்பழம் வைத்துக்கொள். பசித்த பிள்ளை கூட்டத்தில் இரண்டு மடங்கு அழும்.

நள்ளிரவுப் பூசை வேண்டாம். காலைப் பூசைக்குக் கூட்டிப் போ. பாலன் இயேசு கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் வீட்டுக்காரர் விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்த வயதில் புது ஆளைக் கண்டு அழுவது நல்ல அறிகுறி, தன் ஆள் யார் என்று அவனுக்குத் தெரிகிறது. வந்ததும் தூக்க வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல். தரையில் உட்காரட்டும். பிள்ளையை நேராகப் பார்க்காமல், எதையாவது கையில் வைத்து விளையாடட்டும். பிள்ளை தானாக வரும். ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். போனில் கேட்ட குரல் அவனுக்குத் தெரியும், அதனால் பேசிக்கொண்டே இருக்கட்டும். போன் என்றதும் கேட்கிறேன், அப்பாவோடு பேசுவது போக வேறு எதற்கெல்லாம் போன் கொடுக்கிறாய்?


குளச்சல் அம்மா, டிசம்பர் 6

டீச்சர், நன்றி. மார்த்தாண்டத்து அக்கா, உங்களுக்கும்.

பின்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். செருப்பை எடுத்து வந்தான். இரண்டு தடவை. மூன்றாவது தடவை வரவில்லை, அதற்குள் அலுத்துவிட்டது.

விரலை நீட்டுவான். மாமி நேற்று வாசலில் ஸ்டார் கட்டியதிலிருந்து, விளக்குப் போட்டதும் அதைக் காட்டி என் தாடையைப் பிடித்துத் திருப்புவான். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் போனில் பாட்டு ஓடினால் திரும்ப மாட்டான். ஆமாம் டீச்சர், சாப்பாடு ஊட்டப் போன் கொடுக்கிறேன். மூன்று வேளையும். சேர்த்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் வரும்.

பிரசவத் தேதி ஜூன் 24 என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து வாரம் முன்னால் பிறந்தான். எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். ஏன் கேட்டீர்கள்?


ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர், இராஜாக்கமங்கலம், டிசம்பர் 6

அப்படியானால் அவனுக்கு இன்று பதினெட்டரை மாதம் இல்லை மகளே, பதினேழரைதான். முன்கூட்டிப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரைக்கும் பிரசவத் தேதியிலிருந்து எண்ணித்தான் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். உன் நாத்தனார் மகள் நாள் நிறைந்து பிறந்திருந்தால், கணக்குப்படி அவள்தான் மூத்தவள். ஊசிக்கு மட்டும் பிறந்த தேதிதான். இதை ஆசாரிப்பள்ளத்தில் முதல் வார்த்தையாகச் சொல். அதற்காக ஒரு மாதம் கிடைத்துவிட்டது என்று காத்திருக்கவும் கூடாது.

விரல் நீட்டித் தாடையைத் திருப்புகிறான் என்றாயே, அதைப் படித்து எனக்கு மனசு குளிர்ந்தது.

சாப்பாட்டுக்குப் போன் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே கூடாது, உறவினரோடு வீடியோவில் பேசுவது மட்டும் எப்போதாவது பரவாயில்லை என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. அப்பாவோடு பேசட்டும். பாட்டு நீ பாடு. முதல் மூன்று நாள் சாப்பிடாமல் அடம் பிடிப்பான், நான்காம் நாள் சாப்பிடுவான்.


நாகர்கோவில் அப்பா, டிசம்பர் 7

நடை பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். என் மகள் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்வாள். 17 மாதத்தில்தான் நடந்தாள். மார்கழித் தேருக்குச் சுசீந்திரம் போனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் காலைப் பிடித்துப் பார்ப்பார்கள். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. இந்தியப் பிள்ளைகளும் அதில் உண்டு. நூற்றில் நான்கு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நடந்தவர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் பேச்சுக்கு அப்படி ஆறுதல் சொல்ல மாட்டேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலை மாற்றியது. நூற்றுக்கு 75 பிள்ளையாவது எட்டியிருக்கும் வயதைத்தான் இப்போது போடுகிறார்கள். அதில் 18 மாதத்துக்கு ‘அம்மா, அப்பா தவிர மூன்று வார்த்தையாவது சொல்ல முயல்வது’ என்று இருக்கிறது. எட்டாவிட்டால் காத்திருக்காமல் கேளுங்கள் என்பதற்காகத்தான் அந்தப் பட்டியலே. உங்கள் மகனுக்கு அந்த வயது டிசம்பர் 24-ல்தான் வருகிறது. டீச்சர் சொன்னதுபோல் போய்விடுங்கள்.

தேர்க் கூட்டத்துக்கு நாங்கள் இப்போது செய்வது, வடம் பிடிக்கும் நேரத்தில் போக மாட்டோம். முந்தின நாள் மத்தியானம் கூட்டிப் போவோம். 18 அடி ஆஞ்சநேயரை அவள் ஆசை தீரப் பார்ப்பாள். போன வருடம் அவர் முன்னால் நின்று கையைத் தூக்கி எவ்வளவு உயரம் என்று எனக்குக் காட்டினாள்.


குளச்சல் அம்மா, ஜனவரி 17

எழுதுகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொங்கலும் முடிந்துவிட்டது.

இவர் 22-ந்தேதி மதியம் வந்தார். விமான நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. டீச்சர் சொன்னதையெல்லாம் முன்பே போனில் வாசித்துக் காட்டியிருந்தேன். வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்தார். முற்றத்தில் கிடந்த தென்னை ஓலையைக் கிழித்துப் பந்து பின்ன ஆரம்பித்தார். கை நடுங்கியது, மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் பின்னினார். பின்னிக்கொண்டே என்னிடமும் மாமியிடமும் பேசினார். இவன் மாமியின் சேலைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே ஓடிப் போய் என் போனை எடுத்து வந்தான். போனைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் போன், மறுபடியும் முகம். பிறகு போனை அவர் மடியில் போட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டான். ராத்திரிதான் தூக்க விட்டான். இவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, பிள்ளை தோளில் தூங்குகிறான், அசைந்தால் எழுந்துவிடுவான் என்று.

நள்ளிரவுப் பூசைக்கு அவரும் நாத்தனார் குடும்பமும் போனார்கள். நான் வீட்டில் பிள்ளையோடு இருந்தேன். வெடிச் சத்தம் கேட்டபோது ஜன்னலை மூடி, விசிறியை வேகமாக வைத்து, காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டேன். காலைப் பூசைக்குப் போனோம். ஆட்டுக்குட்டித் தொப்பியைத் தலையில் வைக்க விடவில்லை, கையில் பிடித்துக்கொண்டே மற்ற ஆட்டுக்குட்டிகளோடு நின்றான். பரிசும் கொடுத்தார்கள், ஒரு பென்சில் பெட்டி.

மாமி எல்லோருக்கும் முன்பே போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள், “பிள்ளைக்கிட்ட யாரும் கேள்வி கேக்கக் கூடாது, டீச்சர் சொல்லியிருக்கு” என்று. சின்ன மாமி ஒன்றும் கேட்கவில்லை. இவன் அவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடிலின் முன்னால் உட்கார வைத்தான். ஆட்டை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைத்து “மே” என்றான். அவர்களும் “மே” என்றார்கள். அப்படியே ரொம்ப நேரம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அடுக்களையில் வட்டயப்பம் வெட்டிக்கொண்டே கேட்டேன். கோட்டாற்றில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தமும் இப்போது கூடவே இருக்கிறது.

26-ந்தேதி எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. 2004 சுனாமியில் மாமியின் அக்கா போனார்கள். ஒவ்வொரு வருடமும் அன்று காலை மாமி மெழுகுவர்த்தி கொளுத்தப் போவார்கள். இந்த வருடம் பேரனையும் தூக்கிப் போனார்கள். மாமி கொளுத்தக் கொளுத்த இவன் ‘ஃபூ’ என்று ஊதிக்கொண்டே இருந்தானாம். நாலாவது தடவை அணையவில்லை என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். அந்த நாளில் மாமி சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 6-ல் ஆசாரிப்பள்ளம் போனோம், இவரும் வந்தார். காது இரண்டும் நன்றாக இருக்கிறது. மார்த்தாண்டத்து அக்கா, அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது உங்களைத்தான் நினைத்தேன். புரிந்துகொள்வது வயதுக்குச் சரியாக இருக்கிறதாம், பேசுவதுதான் பின்னால் இருக்கிறதாம். 15 நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் செய்வதற்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் டீச்சர் எழுதியதேதான். ஐந்து வாரம் முன்னால் பிறந்ததை முதலில் சொன்னேன், ‘இதைச் சொல்பவர்கள் குறைவு’ என்றார்கள். ஊர் நர்ஸ் அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். “எனக்கு அப்பவே தெரியும்” என்று முதுகில் தட்டினார்கள்.

போனை நிறுத்தி ஒரு மாதம் தாண்டிவிட்டது. டீச்சர், மூன்று நாள் அல்ல, ஆறு நாள் ஆனது.

நோட்டில் எழுதி வைத்திருக்கும் வார்த்தைகள்: ம்மா, க்கா, மே, ஃபூ, ப்பா, தா. ‘ப்பா’ என்றால் அப்பாவும்தான், மட்டிப்பழமும்தான். ‘தா’ என்பது வாசலில் தொங்கும் ஸ்டார். நட்சத்திரமெல்லாம் எல்லா வீட்டிலும் இறக்கிவிட்டார்கள், எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் எரிகிறது. இவர் 20-ந்தேதி கிளம்புகிறார். அதுவரை கிடக்கட்டும் என்று மாமி சொல்லிவிட்டார்கள்.